ஐரிஷ் மொழியில் முகமன் கூறுவது எப்படி?

அயர்லாந்தின் மேற்கிலுள்ள கால்வே நகரில் வேலை கிடைத்து அடுத்த மாதம் அங்கே குடியேறவிருப்பதாகவும், வணக்கம், நலமா, நன்றி, போய் வருகிறேன் ஆகிய நான்கையும் ஐரிஷ் மொழியில் சொல்லப் பழக விரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பார்த்த இடங்களிலெல்லாம் ஒரே வாசகத்துக்கு இரண்டு மூன்று வடிவங்கள் தரப்பட்டிருப்பதால் எது சரியென்று தெரியவில்லை என்பது உங்கள் கேள்வி. சுருக்கமான விடை, அவை அனைத்தும் சரி என்பதே. வடிவங்கள் மாறுவதற்குக் காரணம் இரண்டு: பேசுபவரின் வட்டாரம் ஒன்று, கேட்பவர் ஒருவரா பலரா என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் எஞ்சுவது ஒலிப்பு மட்டுமே. அதில் ஆங்கிலம் வழியாகக் கற்பவர்களுக்கு இல்லாத சில வசதிகள் தமிழ் பேசுகிறவர்களுக்கு உண்டு என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஐரிஷ் மொழியின் மெய்கள் பெரும்பாலும் இரண்டு வகையாக ஒலிக்கும். அம்மொழியின் இலக்கணம் அவற்றை அகன்றவை, மெலிந்தவை என்று அழைக்கிறது. பக்கத்தில் அ, ஒ, உ போன்ற உயிர் நின்றால் அகன்ற ஒலி வரும். இ, எ நின்றால் மெலிந்த ஒலி வரும். ஆங்கிலத்தில் 'டீ' என்று பெயர் சொல்லப்படும் எழுத்தின் அகன்ற ஒலி, நாக்கு பல்லைத் தொட்டுப் பிறக்கும் நம் தகரம்தான். ஆகவே 'நீ' என்று பொருள்படும் சொல்லைத் 'தூ' என்றே சொல்ல வேண்டும். ஆங்கில வழிகாட்டிகள் சொல்வதுபோல் 'டூ' என்று சொன்னால் உள்ளூர்க் காதுக்கு அது அந்நியமாகவே படும். அதே எழுத்தின் மெலிந்த ஒலி, மேற்கிலும் வடக்கிலும் 'பச்சை' என்பதிலுள்ள சகரத்தை நெருங்குகிறது.

இன்னொரு பெரிய வேறுபாடு மென்மையாக்கம். ஒரு மெய் சில இலக்கணச் சூழல்களில் வன்மை இழந்து உரசொலியாக மாறும். பழைய ஐரிஷ் அச்சில் இதைக் காட்ட எழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைப்பார்கள். நம் புள்ளி மெய்யிலிருந்து உயிரை நீக்குவதுபோல அவர்களுடைய புள்ளி மெய்யிலிருந்து வன்மையை நீக்கியது என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். இக்கால அச்சில் புள்ளிக்குப் பதிலாக 'எச்' என்ற எழுத்தைச் சேர்க்கிறார்கள். ஐரிஷ் எழுத்துக்கூட்டல் எங்கு பார்த்தாலும் 'எச்' நிறைந்து மிரட்டுவதற்கு இதுவே காரணம். இப்படிப் பிறக்கும் ஒலிகளில் ஆங்கிலேயரைத் திணறவைப்பவை தொண்டையிலிருந்து வரும் இரண்டு. ஒன்று 'எஃகு' என்பதில் ஆய்தத்தோடு வரும் ஒலியை ஒத்தது. மற்றொன்று 'அகம்', 'பகல்' என்பவற்றில் இரு உயிர்களுக்கு நடுவே குழைந்து ஒலிக்கும் ககரத்தை ஒத்தது. நமக்குச் சொல்லின் நடுவில் மட்டும் வருவது அவர்களுக்குச் சொல்லின் முதலிலும் வரும் என்பதே வேறுபாடு. இந்த இரண்டு ஒலிகளையும் கீழே 'ஃக' என்று எழுதியிருக்கிறேன்.

இடையுயிர் சேர்ப்பதிலும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டு மெய்கள் சேர்ந்து வரும் சில இடங்களில் ஐரிஷ் பேசுகிறவர்கள் நடுவே ஒரு குற்றுயிரை நுழைப்பார்கள். அயர்லாந்தில் ஆங்கிலம் பேசும்போதுகூட அவர்களில் பலர் திரைப்படச் சுருளை நம்மைப்போலவே 'ஃபிலிம்' என்பார்கள்.

இனி முகமன்களுக்கு வருவோம். எதிர்ப்படும் ஒருவரிடம் சொல்லும் மரபான வாசகம் 'டீயா ஃக்விட்'. அதன் நேர்ப்பொருள் 'கடவுள் உனக்கு' என்பதே. 'கடவுள் உனக்கு அருளட்டும்' என்ற முழு வாழ்த்தில் வினை தேய்ந்து போய் இரண்டு சொற்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. வடக்கே இரண்டாம் சொல்லை மென்மையாக்காமல் 'ஜீயா திச்' என்பதுபோல் ஒலிப்பவர்களும் உண்டு. பலர் இருக்கும் இடத்தில் 'டீயா ஃக்வீவ்', அதாவது 'கடவுள் உங்களுக்கு' என்று மாறும்.

இதற்கு அதையே திருப்பிச் சொல்வது மரபன்று. ஒரு படி கூட்டிச் சொல்ல வேண்டும். 'டீயாஸ் ம்விரெ ஃக்விட்' என்பது பதில். 'கடவுளும் மரியாளும் உனக்கு' என்பது பொருள். அதற்கும் மேலே மூன்றாமவர் ஒருவர் வந்து சேர்ந்தால் புனித பாத்ரிக்கையும் சேர்த்துக்கொள்வது ஏட்டில் உண்டு. நடைமுறையில் அது பெரும்பாலும் வேடிக்கைக்குச் சொல்லப்படுவதே. இங்கே வரும் 'ம்விரெ' என்ற பெயர் இயேசுவின் தாய்க்கு மட்டும் உரியது. அதே பெயரைப் பெண்குழந்தைகளுக்கு வைக்கும்போது 'மாரெ' என்று வடிவத்தை மாற்றிவிடுவார்கள்.

சமய நம்பிக்கை இல்லாத ஒருவரோ வேறு சமயத்தவரோ இதைச் சொல்லலாமா என்ற தயக்கம் உங்களுக்கு எழலாம். தாராளமாகச் சொல்லலாம், வாசகம் தேய்ந்து வழக்காகிவிட்டது. இன்றைய இளைஞர்களில் பலர் 'ஹாய்' என்பதையே ஐரிஷ் எழுத்துக்கூட்டலில் எழுதிப் புழங்குகிறார்கள். ஐரிஷ் புழங்கும் ஊர்களில் கடவுளைக்கூட அழைக்காமல் 'லா ப்ரா', அதாவது 'நல்ல நாள்' என்று வானிலையில் தொடங்குவோரும் உண்டு. அட்லாண்டிக் மழையில் நனையும் கால்வேயில் அந்த வாசகத்துக்கு வாய்ப்புக் குறைவாகவே கிடைக்கும் என்பது வேறு செய்தி.

நீங்கள் குழம்பியது பெரும்பாலும் அடுத்த வாசகத்தில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் 'எப்படி இருக்கிறாய்' என்பதற்கு மூன்று பெரும் வட்டாரங்களும் மூன்று வெவ்வேறு கேள்விச் சொற்களைப் பயன்படுத்துகின்றன. தெற்கே கெர்ரி, கார்க் பகுதிகளை உள்ளடக்கிய மன்ஸ்டரில் 'கொனஸ்' என்ற சொல்லோடு தொடங்குவார்கள். பாடநூல்களில் பரவலாகக் காணும் 'கொனஸ் அதா தூ' என்பது அந்த வழிப்பட்டது. மேற்கே கனாக்ட்டில் 'கே ஃகீ வில் தூ' என்பார்கள். வடக்கே டோனிகாலில் 'குஜே மர் அதா தூ'. நீங்கள் போவது கால்வே என்பதால் இரண்டாவதைப் பழகுங்கள். மற்ற இரண்டையும் காதால் அடையாளம் காணத் தெரிந்தால் போதும். நகரத்துக்கு மேற்கே கடற்கரையோரம் நீளும் கானமாரா, ஐரிஷ் அன்றாட மொழியாக இருக்கும் பகுதிகளில் ஒன்று. பலரிடம் கேட்கும்போது 'தூ' என்பதற்குப் பதில் 'ஷிவ்' என்று முடிக்க வேண்டும்.

இவ்விடத்தில் தமிழர் செய்யக்கூடிய ஒரு பிழையை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 'ஷிவ்' என்பதை 'நீங்கள்' என்று மொழிபெயர்த்து மனத்தில் பதித்துக்கொண்டால், வயதில் மூத்த ஒருவரைக் கண்டதும் அது தானாக வாயில் வந்துவிடும். இன்றைய ஐரிஷில் அது பொதுவாகப் பன்மை மட்டுமே. மரியாதைப் பன்மை அன்று. தனியாக நிற்கும் எண்பது வயதுப் பாட்டியிடமும் 'தூ' என்றுதான் பேச வேண்டும். நமக்குக் கூச்சமாக இருக்கும். அவருக்கு எந்த வருத்தமும் இராது.

பதிலுக்கு 'தா மே கொ மஹ்', அதாவது 'நான் நலமாக இருக்கிறேன்' எனலாம். வினைச்சொல்லான 'தா' முதலில் நிற்பதைக் கவனியுங்கள். தமிழில் வாக்கியத்தின் கடைசியில் நிற்பது அங்கே தலைவாசலில் நிற்கிறது. 'ஆம்', 'இல்லை' என்பவற்றுக்கு ஐரிஷில் தனிச்சொற்கள் இல்லை. கேள்வியில் வந்த வினையையே திருப்பிச் சொல்ல வேண்டும். 'நலமாக இருக்கிறாயா' என்றால் 'தா', அதாவது 'இருக்கிறேன்'; இல்லாவிட்டால் 'நீல்'. ஆங்கிலேயர் இதைப் பெரிய புதிராகப் பேசுவார்கள். 'சாப்பிட்டீர்களா' என்று கேட்டால் 'சாப்பிட்டேன்' என்று பதில் சொல்லி வளர்ந்தவர்களுக்கு இதில் புதிர் ஒன்றுமில்லை.

நன்றிக்கு வருமுன் ஓர் இலக்கணக் குறிப்பைச் சொல்லியாக வேண்டும். இந்தப் பதிலில் நீங்கள் ஒன்றை மட்டும் நினைவில் கொள்வதாக இருந்தால் இதையே கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் முன்னிடைச்சொல்லும் பெயரும் தனித்தனியாக நிற்கும் இடங்களில் ஐரிஷ் மொழி இரண்டையும் உருக்கி ஒரே சொல்லாக்கிவிடும். 'ஃக்விட்' என்றால் உனக்கு. 'ஃக்வீவ்' என்றால் உங்களுக்கு. 'அகத்' என்றால் உன்னிடம். 'அகிவ்' என்றால் உங்களிடம். இவ்விரண்டிலும் உள்ள ககரத்தைத் 'தங்கம்' என்பதில் வருவதுபோல் அழுத்தி ஒலிக்க வேண்டும். 'ல்யத்' உன்னோடு, 'ரோத்' உன் முன்னே, 'ஒரம்' என்மேல். ஆங்கிலம் வழியாகக் கற்பவர்கள் இவற்றைப் பட்டியல் பட்டியலாக மனப்பாடம் செய்து அல்லலுறுகிறார்கள். நமக்கோ இவை வேற்றுமை உருபு ஏற்ற பெயர்களைப்போலவே தோன்றும். 'உனக்கு', 'உன்னிடம்', 'உன்னோடு' என்று தமிழில் நினைத்தால் ஐரிஷ் முகமன்கள் ஏறக்குறைய எல்லாமே திறந்துகொள்ளும். உடைமையைக் குறிக்கும் வினையும் அங்கே இல்லை. 'என்னிடம் புத்தகம் இருக்கிறது' என்ற நம் வாக்கியத்தின் கட்டமைப்புத்தான் அவர்களுடையதும்.

இனி நன்றி. 'கொ ரெவ் மஹ் அகத்' என்பது முழு வாசகம். விரைந்து பேசும்போது 'குர மஹ் அகத்' என்று சுருங்கும். பொருள் 'உன்னிடம் நன்மை இருக்கட்டும்' என்பது. 'நன்றி' என்ற நம் சொல்லுக்கும் பழந்தமிழில் நன்மை என்பதே பொருளாதலால் இதைத் தமிழர் மறக்க வழியில்லை. பலருக்கு நன்றி சொல்லும்போது 'அகத்' போய் 'அகிவ்' வரும். மிகுந்த நன்றி என்றால் நடுவே ஆயிரம் என்று பொருள்படும் 'மீலெ' சேர்த்துக் 'கொ ரெவ் மீலெ மஹ் அகத்' எனலாம். இதற்கு மறுமொழி 'தா ஃபால்ச்சே ரோத்', 'உன் முன்னே வரவேற்பு இருக்கிறது'. 'ஃபால்ச்சே' என்ற சொல்லை விமான நிலையத்திலிருந்தே காணத் தொடங்குவீர்கள். 'கேத் மீலெ ஃபால்ச்சே' என்று விடுதி வாசல்களில் எழுதியிருப்பது 'நூறாயிரம் வரவேற்பு'. நம் கணக்கில் ஓர் இலட்சம்.

விடைபெறும் வாசகங்களில் ஒரு நுட்பம் இருக்கிறது. 'ஸ்லான்' என்ற சொல்லுக்கு நலம், ஊறின்மை என்று பொருள்; மதுக் கோப்பையை உயர்த்திச் சொல்லும் 'ஸ்லான்ச்சே'யும் இதன் வழிப்பிறந்ததே. அவசரத்துக்கு 'ஸ்லான்' மட்டும் போதும். முறையாகச் சொல்ல விரும்பினால், போகிறவரைப் பார்த்து இருப்பவர் 'ஸ்லான் ல்யத்' என்று சொல்ல வேண்டும்: நலம் உன்னோடு செல்லட்டும். இருப்பவரைப் பார்த்துப் போகிறவர் 'ஸ்லான் அகத்' என்று சொல்ல வேண்டும்: நலம் உன்னிடம் இருக்கட்டும். நாமும் வாசலில் 'போய் வருகிறேன்' என்றும் 'போய் வாருங்கள்' என்றும் ஆளுக்கேற்பப் பிரித்துச் சொல்கிறவர்களே. வீடு திரும்புகிறவருக்கு 'ஸ்லான் அவால்யெ' சொல்வது இதமாக இருக்கும். மீண்டும் சந்திக்கும்வரை என்றால் 'ஸ்லான் கொ ஃபோல்'. இரவில் 'ஈஹெ வஹ்'. நலம் என்பதற்கு மேலே வந்த 'மஹ்' இங்கே 'வஹ்' ஆனது, இரவு என்ற சொல் பெண்பாலாதலால் அதைத் தொடரும் அடைமொழி மென்மையானதன் விளைவு.

பயணம் போகிறவருக்குச் சொல்லும் ஒரு பழைய வாழ்த்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதன் தவறான மொழிபெயர்ப்பு நினைவுப்பொருள் கடைகளில் தொங்கிக்கொண்டிருக்கும். 'கொ நைரி அன் போஹர் ல்யத்' என்பதை 'சாலை உன்னை எதிர்கொள்ள எழட்டும்' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டு விற்கிறார்கள். அதிலுள்ள வினைக்குத் தனியாக நின்றால் எழுதல் என்ற பொருள் உண்டு என்பது உண்மை. ஆனால் 'உன்னோடு' என்பதிலுள்ள 'ஓடு' உருபின் பொருள் தரும் சொல்லுடன் சேர்ந்தால் வெற்றியாக அமைதல் என்று பொருள். பயணம் உனக்கு நன்றாக அமையட்டும் என்பதே வாழ்த்து.

பெயர் சொல்லி அழைப்பது தனியாகக் கற்க வேண்டிய பகுதி. நம் இலக்கணத்தில் எட்டாம் வேற்றுமையான விளி ஐரிஷில் இன்றும் முழு உயிரோடு இருக்கிறது. நாம் 'கண்ணன்' என்பதைக் 'கண்ணா' என்று ஈற்றில் மாற்றுகிறோம். அவர்கள் பெயருக்கு முன் ஓர் 'அ' சேர்த்து முதலெழுத்தை மென்மையாக்குகிறார்கள், ஆண்பெயர்களில் பலவற்றின் ஈற்றையும் சற்றே மெலிக்கிறார்கள். மாரெயை அழைத்தால் 'அ வாரெ'. ஷேமஸை அழைத்தால் 'அ ஹேமிஷ்'. ஸ்காட்லாந்தில் தனிப்பெயராகவே வழங்கும் ஹேமிஷ், அங்குள்ள உறவு மொழியில் இதே பெயரின் விளி வடிவத்திலிருந்து வந்ததுதான். நண்பன் என்ற 'கரா' விளியில் 'அ ஃகரா' ஆகும். அயர்லாந்தில் அலுவலகக் கடிதங்கள், சில வேளை முழுதும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவைகூட, 'அ ஃகரா' என்று தொடங்குவதைக் காண்பீர்கள். அது நெருக்கம் காட்டும் சொல் அன்று, 'ஐயா' என்பதற்கு இணையான முறைச்சொல். முடிவில் 'இஸ் மிஷெ லெ மாஸ்' என்று கையொப்பமிடுவார்கள்: மதிப்புடன், நான்.

இந்த விளி ஒரு முறை அரசியல் நிகழ்வாகவே ஆனது. 2011 மே 18 அன்று டப்ளின் கோட்டையில் நடந்த விருந்தில் பிரிட்டன் அரசி இரண்டாம் எலிசபெத் தம் உரையை ஐரிஷில் தொடங்கினார்: 'அ ஊஅஃக்தராய்ன் அகஸ் அ ஃகார்ஜெ', அதாவது 'குடியரசுத் தலைவரே, நண்பர்களே'. அருகில் அமர்ந்திருந்த குடியரசுத் தலைவர் மேரி மக்கலீஸ் வியந்ததைத் தொலைக்காட்சியில் பலரும் பார்த்தார்கள். சொன்னது ஐந்தாறு சொற்கள்தாம்; ஆனால் இரண்டு பெயர்களும் சரியான விளி வடிவில் இருந்தன.

மற்றச் சிறு வாசகங்களை விரைவாகச் சொல்லிவிடலாம். தயவுசெய்து என்பதற்கு 'லெ தொ ஹொல்', உன் விருப்பத்தோடு. வழிவிடச் சொல்லவோ பேச்சில் குறுக்கிடவோ 'கோ மொ லெஷ்கேல்'. வருந்துகிறேன் என்பதற்கு 'தா ப்ரோன் ஒரம்', என்மேல் துயரம் இருக்கிறது. மேலே சொன்ன இடையுயிர் இந்த 'ஒரம்' என்பதில்தான் ஒலிக்கிறது. பெயர் கேட்க 'கத் இஸ் அனிம் ஃக்விட்'. பதிலுக்கு 'இஸ் மிஷெ' என்று சொல்லி உங்கள் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வேலை செய்துகொண்டிருப்பவர்களைக் கடந்து செல்லும்போது அவர்கள் பணியின்மேல் கடவுளின் அருள் இருக்கட்டும் என்று வாழ்த்தும் ஒரு வழக்கமும் உண்டு. ஆனால் அது கிராமத்து முதியவர்களோடு பழகியபின் தானாக வரும்.

எத்தனை பேர் இதற்கு ஐரிஷில் பதில் சொல்வார்கள் என்பதையும் தெரிந்து போவது நல்லது. 1937ஆம் ஆண்டின் அரசியலமைப்பு ஐரிஷை முதல் ஆட்சிமொழியாக வைத்திருக்கிறது. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 18,73,997 பேர், அதாவது நூற்றுக்கு நாற்பது பேர், தமக்கு ஐரிஷ் பேச வரும் என்று பதிவு செய்தார்கள். கல்விக்கூடத்துக்கு வெளியே அதை நாள்தோறும் பேசுவதாகச் சொன்னவர்கள் 71,968 பேர் மட்டுமே. ஆகவே நீங்கள் 'டீயா ஃக்விட்' என்றால் பெரும்பாலானவர்கள் பள்ளியில் படித்த பதிலைச் சொல்லிவிட்டு ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். உங்கள் உச்சரிப்பு பிழையானதென்று அதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். அடுத்த வாக்கியம் அவர்களுக்கே மறந்திருக்கும். சட்டைமேல் சிறு வளைய வடிவ ஊசி குத்தியிருப்பவரைக் கண்டால் அவரிடம் தயங்காமல் தொடரலாம். 'ஃபான்யெ' எனப்படும் அந்த வளையம், தாம் ஐரிஷ் பேச ஆயத்தமாக இருப்பதைக் காட்ட அணிவது.

பயிற்சிக்கு என் பரிந்துரை: நான் தமிழில் எழுதிக் காட்டியவை நெருங்கிய ஒலிகளே என்பதால், புறப்படுமுன் ஒவ்வொரு சொல்லையும் ஒரு முறையாவது காதால் கேளுங்கள். 'தியாங்லன்' என்ற இணைய அகராதியில் பல சொற்களுக்குக் கனாக்ட், மன்ஸ்டர், டோனிகாலை உள்ளடக்கிய வடக்கு அல்ஸ்டர் ஆகிய மூன்று வட்டார ஒலிப்பதிவுகளும் தனித்தனியாக உள்ளன. கனாக்ட் பதிவை முதலில் கேட்டு, அதையே பத்து முறை திருப்பிச் சொல்லுங்கள். பிறகு 1972 முதல் ஒலிபரப்பாகிவரும் 'ராஜியோ நா கேல்தஃக்தா' வானொலியை இணையத்தில் திறந்து வையுங்கள். பேட்டி தொடங்கும் இடங்களில் காதைத் தீட்டிக்கொண்டால், பொருள் எதுவும் புரியாத பேச்சுக்கு நடுவே 'கே ஃகீ வில் தூ' என்பது முதல் நாளிலேயே பிடிபடும்.